82 கிலோவை யார் தூக்கச் சொன்னது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கமுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் கேர்கிவராக வேலை செய்யும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 41, எடை 54 கிலோ. இரவு ஷிஃப்டில் அவரும் ஸுலு பேசும் இன்னொரு சகோதரியும் மட்டும். அவர்கள் பொறுப்பில் இருப்பவர்களில் ஒருவரை எல்லோரும் ‘ஆயா’ என்று கூப்பிடுகிறார்கள். வயது 76, எடை 82 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வலது பக்கம் தெம்பாக இருக்கிறது, சொன்னதைப் புரிந்துகொள்கிறார். ராத்திரியில் நாலைந்து முறை படுக்கையில் கீழே சறுக்கிவிடுவார். இருவரும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்பார்கள். காலையில் இடுப்புத் துணியைப் பிடித்துத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைப்பார்கள். போன வாரம் அப்படித் தூக்கும்போது வாசகியின் இடுப்பில் ‘சுளீர்’ என்றது. பயந்துகொண்டு யாரிடமும் சொல்லவில்லை. “முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத்தான் தூக்குகிறேன், ஆனாலும் வலிக்கிறது. எனக்குத்தான் பலம் போதவில்லையா?” என்று கேட்கிறார். இடுப்புப் பெல்ட் வாங்கிக்கொள், பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்கிறார் மேட்ரன். ஆயாவின் மகளோ, இடது தோள் ஏன் இவ்வளவு வலிக்கிறது, அக்குளில் ஏன் கன்றியிருக்கிறது என்று கேட்டு அழுதிருக்கிறார். உட்கார வைக்க ரப்பர் வளையம் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார். வால் எலும்பின் மேல் ஒரு சிவப்பு தெரிகிறது. வாசகி தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்து அழுத்தி விடுகிறார். ஸ்டோர் ரூமில் ஹாய்ஸ்ட், அதாவது ஆளைத் தூக்கி மாற்றும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஆயாவுக்கு அதைக் கண்டால் பயம், மற்றவர்களுக்கு நேரம் இல்லை. ஆயாவைப் படுக்கையில் எப்படி மேலே ஏற்றுவது என்று கேட்கிறார், தூக்க ‘மறுக்கும் உரிமை இருக்கிறதே’ என்றும் எழுதுகிறார். வேலையை விட்டுவிடலாமா என்பது அவரது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் பலத்தைப் பற்றிய சந்தேகத்தை முதலில் எடுத்து வெளியே வையுங்கள். பெட்டியைத் தூக்கும் விதியை மனிதரைத் தூக்கும் வேலைக்குக் கொண்டு வந்ததுதான் கோளாறு. பெட்டிக்குக் கைப்பிடி உண்டு, அது நெளியாது, மார்போடு அணைத்துப் பிடிக்கலாம். படுக்கையில் இருப்பவரைக் குனிந்து, கையை நீட்டி, பாதி திரும்பிய நிலையில்தான் பிடிக்க முடிகிறது. அந்த நிலையில் முழங்காலை எவ்வளவு மடக்கினாலும் சுமை கீழ்முதுகுத் தட்டுகளில்தான் இறங்கும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்: நோயாளி ஒத்துழைத்தாலும், நெருக்கமாக நின்று, முதுகைத் திருகாமல் தூக்கினாலும், ஒருவர் கையால் தாங்கத் தக்க எடை 35 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 16 கிலோ. நிலைமை மோசமானால் அந்த அளவும் குறையும்.

இதை ஆயாவுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு முழுக் கால் உடல் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம். ஆயாவுடைய ஒரு கால் மட்டுமே 13 கிலோ. காலுறை மாட்டக் காலைத் தூக்கிப் பிடிக்கும்போதே நீங்கள் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறீர்கள். 82 கிலோவை இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு 41 கிலோ. 100 கிலோ எடையுள்ள பயில்வானுக்கும் அது அதிகம்தான்.

பெல்ட் விஷயம் சுருக்கமானது. 1994இலேயே நியோஷ் இதை ஆராய்ந்து, காயம்படாத தொழிலாளியின் முதுகை அது காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தது. பெல்ட் கட்டினால் தைரியம் வருகிறது, தைரியத்தில் இன்னும் அதிகமாகத் தூக்குகிறோம். அந்தப் பணத்துக்கு, ஆளை வழுக்கி நகர்த்த உதவும் ஸ்லைடு ஷீட் ஒரு ஜோடி வாங்கச் சொல்லுங்கள்.

ஆயா ஏன் சறுக்குகிறார்?

எப்படி மேலே ஏற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ராத்திரியில் நாலைந்து முறை ஏன் ஏற்ற வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், பாதி வேலை அங்கேயே குறைந்துவிடும்.

கட்டிலின் தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் உடல் சரிவில் வைத்த மூட்டையைப் போலக் கீழே வரும். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு இறங்கும். இடையில் உள்ள சதை இழுபட்டு ரத்தக் குழாய்கள் மடங்கும். வால் எலும்பில் நீங்கள் பார்க்கும் சிவப்புக்கு இது பெரிய காரணமாக இருக்கலாம். ஆகவே ஆயாவின் இடுப்பு சரியாகக் கட்டில் மடியும் இடத்தில் இருக்கும்படி படுக்க வையுங்கள். முதலில் முழங்கால் பகுதியை உயர்த்துங்கள், அதற்குப் பிறகு தலைப்பகுதியை. இறக்கும்போது தலை முதலில், கால் பிறகு. சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் தலைப்பகுதி 30 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரம் வரையும் நன்றாக நிமிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புரை ஏறும். மூச்சுத் திணறலோ விழுங்குவதில் சிரமமோ உள்ளவருக்கு இந்த அளவை சிஸ்டரும் டாக்டரும் தனியாகச் சொல்ல வேண்டும்.

மேலே ஏற்றும் முறை

ஸ்லைடு ஷீட் என்பது வழுவழுப்பான நைலான் துணி. இரண்டு அடுக்காக இருக்கும். அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால் ஆள் நகர்கிறார், தூக்க வேண்டியதில்லை. படுக்கையின் குறுக்கே விரிக்கும் சாதாரண டிரா ஷீட்டால் இழுப்பது இதற்கு ஈடாகாது. பருத்தித் துணி மெத்தையைப் பிடித்துக்கொள்ளும், அதை வெல்ல நீங்கள் தூக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

முதலில் பிரேக்கைப் போட்டுக் கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்களுக்கும் தோழிக்கும் உயரம் வேறு என்றால் குட்டையானவருக்கு ஏற்ற உயரம். கட்டிலைத் தட்டையாக்கி, தலையணையை எடுத்துக் கட்டிலின் தலைப்பலகைமேல் சாய்த்து வையுங்கள், தலை இடிக்காமல் இருக்கும்.

ஷீட்டை நுழைக்க ஆயாவை ஒருக்களிக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் தோளிலும் இடுப்பிலும் கை வைத்துத் திருப்புங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பாதி சுருட்டிய ஷீட்டை முதுகை ஒட்டி, தோளிலிருந்து தொடை நடுவரை வரும்படி செருகுங்கள். மறுபக்கம் திருப்பிச் சுருளை விரித்துவிடுங்கள். வலது பாதம் ஷீட்டின் மேல் இருக்கக்கூடாது. அந்தக் காலை மடக்கி மெத்தையில் ஊன்றி ஆயாதான் உந்தப் போகிறார், பாதம் வழுக்கினால் உந்த முடியாது. இடது குதிகாலுக்கு அடியில் மட்டும் சின்ன ஸ்லைடு ஷீட் ஒன்றைத் தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் உணர்வில்லாத அந்தக் குதிகால் மெத்தையில் உரசிக்கொண்டே வரும், அங்கேயும் புண் வரும். பலரும் விட்டுவிடுவது இந்தக் குதிகாலைத்தான்.

இருவரும் எதிரெதிரே, ஒரு காலைத் தலைப்பக்கம் முன்வைத்து நில்லுங்கள். மேல் அடுக்கை ஆயாவின் தோளுக்கும் இடுப்புக்கும் பக்கத்தில் உடலை ஒட்டிப் பிடியுங்கள். முழங்கை விலாவோடு சேர்ந்திருக்கட்டும். ஆயாவை மோவாயை நெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு கையால் இழுக்காதீர்கள். பின்காலில் உள்ள உங்கள் எடையை முன்காலுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். ஷீட் மெத்தையை ஒட்டியே நகர வேண்டும். மெத்தையை விட்டுக் கிளம்பினால் நீங்கள் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம். ஒரே வீச்சில் ஏற்ற வேண்டாம், சாண் சாணாக ஏற்றினால் போதும்.

எண்ணிக்கையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘மூன்று’ என்று சொல்லும்போதே நகர்த்துவதா, சொல்லி முடித்த பிறகா? ஒருவர் முந்தி இன்னொருவர் பிந்தினால் மொத்தச் சுமையும் ஒரு முதுகில் விழும். ஒன்று-இரண்டு-மூன்று என்றாலும், குன்யே-குபிலி-குதாது என்றாலும் இதே குழப்பம்தான். ‘தயாரா… மெதுவா… தள்ளு’ என்று கடைசிச் சொல்லையே செயலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மொழியில் என்பதை நீங்கள் மூவரும் பேசி முடிவு செய்யுங்கள். மூன்றாமவர் ஆயா, அவர் காதிலும் விழ வேண்டும்.

முடிந்ததும் ஷீட்டின் மூலையைத் தனக்கடியிலேயே மடித்து, மெத்தையோடு ஒட்டினாற்போல் மெல்ல உருவி எடுங்கள். ஆயாவுக்கு அடியில் விட்டுவைத்தால் இரவில் அவர் கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில் விழுவார். தரையில் போட்டால் வழுக்கி விழுவது நீங்கள்.

அந்த இடது தோள்

மகள் கேட்ட கேள்வி நியாயமானது. கோபப்பட வேண்டாம். பக்கவாதத்தில் தோளைச் சுற்றியுள்ள தசை தளர்ந்துவிடுவதால் கை எலும்பு அதன் குழியிலிருந்து சற்றே கீழே தொங்கும். அந்த நிலையில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள் மேல்நோக்கி நெரிபடும். கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு இன்னும் விலகும். அக்குளில் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன, கன்றிப் போவது அதனால்தான். அக்குள் பிடி உங்கள் இல்லத்தில் இன்றோடு நிற்க வேண்டும். ஆயாவுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்.

படுத்திருக்கும்போது இடது கைக்குக் கீழே நீளவாக்கில் தலையணை. உட்கார்ந்திருக்கும்போது கை மடியில் தொங்காமல் ஒரு பலகை மேலோ தலையணை மேலோ. இடது பக்கம் ஒருக்களித்தால் தோள்பட்டை எலும்பைச் சற்று முன்னால் இழுத்துவிடுங்கள், தோள்முனை மேல் எடை விழக்கூடாது. சட்டை போடும்போது இடது கை முதலில், கழற்றும்போது கடைசியில். வீக்கமோ வலியோ கூடினால் டாக்டர் பார்த்து எக்ஸ்ரே தேவையா என்று சொல்லட்டும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

இங்கே எனக்கு ஒரு தகவல் குறைகிறது: ஆயா கட்டில் விளிம்பில் பிடிமானமில்லாமல் உட்காருவாரா? வலது காலை ஊன்றி இடுப்பைச் சற்றே தூக்க முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றால் ஹாய்ஸ்ட்தான், வேறு பேச்சில்லை. இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்து, எத்தனை பேர், எந்தச் சாதனம் என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதித் தர வேண்டும். காலையில் முடிந்தது மாலையில் சோர்வால் முடியாமல் போகலாம், அதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

எழ முடியும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னால், நாற்காலியை ஆயாவின் வலது பக்கம், கட்டிலுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வில் வையுங்கள். பலமுள்ள பக்கம் நோக்கித்தான் மாற வேண்டும். பிரேக் போட்டு, கால் தட்டுகளையும் பக்கத்துக் கைப்பிடியையும் கழற்றுங்கள். ஆயா விளிம்புக்கு நகர்ந்து, பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரும்படி ஊன்றட்டும். உடலை முன்னே சாய்த்து ‘மூக்கு கால் விரலுக்கு மேலே’ வந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். நேராக மேலே எழுப்ப முயல்வதால்தான் நீங்கள் தூக்குகிறீர்கள். இடது முழங்கால் மடிந்துவிடாமல் அதற்கு முன்னால் உங்கள் முழங்காலை வையுங்கள். பிடிப்பதற்கு, ஆயாவின் இடுப்பில் கட்டும் கைப்பிடியுள்ள டிரான்ஸ்ஃபர் பெல்ட் வேண்டும், நைட்டியோ இடுப்புத் துணியோ கிழியும், உடம்பையும் அறுக்கும். அந்தப் பெல்ட் வழிகாட்டத்தான், தொங்கவிட்டுத் தூக்க இல்லை. அவர் கைகளை உங்கள் கழுத்தில் போட விடாதீர்கள். சறுக்கினால் உங்கள் கழுத்தெலும்பும் சேர்ந்து போகும்.

ஸ்டோர் ரூமில் தூங்கும் ஹாய்ஸ்ட்

ஆயாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. விளக்கம் சொல்லாமல் ஒருவரைத் துணித் தொட்டிலில் போட்டு ஆகாயத்தில் ஏற்றினால் யாருக்குத்தான் பயம் வராது? பகல் நேரத்தில், அவசரமில்லாதபோது, அந்தத் துணித் தொட்டிலை, அதாவது ஸ்லிங்கை, தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். காலியாக ஏற்றி இறக்கிக் காட்டுங்கள். பிறகு படுக்கையை விட்டு ஐந்து சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி இறக்குங்கள். தூக்கும்போது ஒருவர் அவர் முகம் தெரியும் இடத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கட்டும்.

ஆனால் அதற்கு முன் அந்த இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடை அதன் மேலும் ஸ்லிங் மேலும் அச்சிட்டிருக்கும், இரண்டில் குறைந்ததுதான் கணக்கு. ஸ்லிங்கில் தையல் பிரிந்திருந்தால், வளையம் நைந்திருந்தால், முத்திரை அழிந்து அளவு தெரியாவிட்டால் அதை எறிந்துவிடுங்கள். அளவும் முக்கியம். பெரிய ஸ்லிங்கில் ஆள் நடுவில் மடிந்து வழுக்கிவிடுவார், சிறியது தொடையை அறுக்கும். ஆயாவுக்குத் தலைத் தாங்கலோடு கூடிய முழு ஸ்லிங் வேண்டும். கீழ் விளிம்பு வால் எலும்பு வரை, கால் பட்டைகள் தொடைக்கடியில் போய் நடுவில் குறுக்காக மாட்ட வேண்டும். இரு பக்கமும் ஒரே நிற வளையம்.

எல்லாரும் தடுமாறும் ஒரு இடம்: நகரும் ஹாய்ஸ்ட்டின் சக்கரங்களுக்குத் தூக்கும்போது பொதுவாக பிரேக் போடக்கூடாது. எடை ஏறும்போது அது தானாக நகர்ந்து சமநிலை தேடும். பூட்டி வைத்தால் சாயலாம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும்தான் பிரேக். அந்த மாடலின் கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் கையேடு சொல்வதே சரி. அடிக்கால்களை அகற்றி வையுங்கள். கொஞ்சம் உயர்த்தியதும் நிறுத்தி, எல்லா வளையங்களும் கொக்கியில் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். எப்போதும் இருவர்.

பேட்டரியை தினமும் சார்ஜில் போடுங்கள். மின்வெட்டு நம் ஊருக்குப் புதிதில்லை. பாதியில் நின்றால் கையால் இறக்கும் அவசர விசை எங்கே என்று இன்றே தேடி வைத்துக்கொள்ளுங்கள். காற்று மெத்தை வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கரண்ட் போனால் பல மெத்தைகள் மெல்ல இறங்கிவிடும், கட்டில் கம்பி மேல் படுத்ததற்குச் சமம்.

நேரம் ஆகும் என்கிறார்களே, முதல் இரண்டு வாரம் ஆகத்தான் செய்யும். பழகிய பிறகு, உதவிக்கு மூன்றாவது ஆளைத் தேடி ஓடும் நேரத்தைவிடக் குறைவு.

சிவப்பும் ரப்பர் வளையமும்

தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை. அந்தச் சிவப்பின் மேல் தேய்த்து அழுத்துவதுதான் கெடுதல். அங்கே அடியில் உள்ள சதை ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது, தேய்ப்பது அதை இன்னும் கிழிக்கும். விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் எச்சரிக்கை. வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை, அன்றே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற மாநிறமும் கறுப்புமான தோலில் இந்தச் சோதனை ஏமாற்றும், சிவப்பே தெரியாது. பக்கத்துத் தோலைவிட அந்த இடம் சூடாக, கெட்டியாக, கருநீலமாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள்.

ரப்பர் வளையம் விளிம்பில் ரத்த ஓட்டத்தை அமுக்கி, நடுவில் உள்ள சதையைப் பட்டினி போடும். மகளிடம் பக்குவமாகச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அதற்கு ஈடாக, ஒருக்களிக்கும்போது முழுப் பக்கவாட்டில் சாய்க்காமல் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு வையுங்கள், இடுப்பெலும்பும் வால் எலும்பும் இரண்டும் தப்பும். கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை வைத்துக் குதிகால் காற்றில் நிற்க விடுங்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது என்பதை அவர் தோல்தான் சொல்லும். சிவப்பு இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்குங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு?

1993ஆம் ஆண்டின் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பாதுகாப்பான வேலை முறையும் சாதனமும் பயிற்சியும் தர வேண்டியவர் முதலாளி என்கிறது. பாதுகாப்புக்காக அவர் தர வேண்டிய எதற்கும் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்பது 23ஆம் பிரிவு. 2019இல் வந்த எர்கோனாமிக்ஸ் (வேலையை உடலுக்கு ஏற்ப அமைக்கும்) விதிகளின்படி இப்படிப்பட்ட உடல் சுமை வேலைகளை முறையாக மதிப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். உங்களுக்கும் கடமை உண்டு: ஆபத்தான நிலையைக் கண்டால் தெரிவிக்க வேண்டும் என்பது 14ஆம் பிரிவு. தெரிவித்ததற்காகப் பழிவாங்கக்கூடாது என்பது 26.

ஒன்றைத் திருத்த வேண்டும். ‘மறுக்கும் உரிமை இருக்கிறதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறும் உரிமை சுரங்கத் தொழிலாளர் சட்டத்தில் வெளிப்படையாக இருக்கிறது, உங்களுக்கான சட்டத்தில் அந்த வாசகம் இல்லை. ஆகவே ‘மாட்டேன்’ என்று நிற்காதீர்கள். ‘ஹாய்ஸ்ட்டில் மாற்றுகிறேன், உதவிக்கு ஆள் அனுப்புங்கள்’ என்று செய்யக்கூடிய வழியைச் சொல்லுங்கள், அதை எழுத்திலும் கொடுங்கள். ஆயாவை அந்த நேரத்தில் தனியாக விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

முதியோரைத் துன்புறுத்துவதாகச் சந்தேகம் வந்தால் யாரும் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டம் சொல்கிறது. அக்குள் கன்றலை மகள் அப்படிப் பார்க்கக்கூடும். எப்போது, எங்கே கண்டீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று பதிவேட்டில் எழுதியிருப்பது ஆயாவுக்கும் காப்பு, உங்களுக்கும் காப்பு.

இனி உங்கள் இடுப்பு. வேலையில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம், 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண், உங்களுக்குப் பொருந்தும். நீங்கள் தெரிவித்த ஏழு நாளுக்குள் முதலாளி அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் 75 சதவீதம் கிடைக்கும், முதல் மூன்று மாதம் அதை முதலாளியே கொடுக்க வேண்டும். கோருவதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் அனுப்பாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நீங்களே தெரிவிக்கலாம். டாக்டரிடம் போகும்போது ‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘வேலையில், இந்த நாளில், நோயாளியைத் தூக்கும்போது’ என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

முழுப் படுக்கை ஓய்வு வேண்டாம், வலி தாங்கும் அளவுக்கு நடமாடுவதுதான் முதுகுக்கு நல்லது. ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கில் மரத்துப் போனாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வேலையை விடுவதை இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். காயத்தைப் பதியாமல் வெளியேறினால், அது அங்கே நடந்தது என்று பிறகு நிரூபிப்பது கடினம். அடுத்த ஷிஃப்டுக்குப் போனதும் முதல் வேலையாக விபத்துப் பதிவேட்டைக் கேளுங்கள். தேதி, நேரம், எந்த அறை, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கூட யார் இருந்தார், எப்படி வலித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.